மலாயாத் தமிழரின் பனிக்காலப் பாசறை

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். அவற்றுள் முன்பனி, பின்பனி என்னும் இரண்டும் மலாயாவில் பிறந்த தமிழனுக்கு ஏட்டிலே படித்த சொற்களேயன்றி உடலிலே பட்ட உண்மைகள் அல்ல. கிள்ளானில் மார்கழியும் ஒன்றுதான், ஆடியும் ஒன்றுதான். பகலில் வெயில் அடிக்கும். மாலையில் மழை கொட்டும். விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குள் நுழையும்போது சற்றே சில்லிடும், அவ்வளவே குளிர். இத்தகைய மண்ணிலே பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் 1944-45ஆம் ஆண்டின் பனிக்காலத்தைப் பர்மா நாட்டில், ஐராவதி ஆற்றங்கரையில், போதிய போர்வையும் மருந்துமின்றிக் கழித்தனர் என்பது நமது வரலாற்றில் ஓரமாக எழுதப்பட்டிருக்கும் செய்தியாகும்.

பழந்தமிழ்ப் புலவர்க்குப் பாசறை புதிய பொருள் அன்று. கூதிர்க்காலத்துப் பாசறையைத் தனித் துறையாகவே இலக்கண நூலார் வகுத்தனர். பத்துப்பாட்டில் நக்கீரரின் நெடுநல்வாடை, அரண்மனையில் அரசியின் தனிமையையும், வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணப் பாசறையிலே நடந்து வரும் அரசனையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. வீட்டையும் பாசறையையும் ஒன்றாக வைத்தே பார்க்கவேண்டும் என்ற அந்தப் பழைய முறை, மலாயாத் தமிழ்ச் சிப்பாயின் கதைக்கும் பொருந்துவதே. ஆனால் புலவர் பாடியது அரசனின் பாசறை. ஈண்டுச் சொல்லப்படுவது தோட்டத்துக் கூலிக்காரன் மகனின் பாசறை.

துரைக்கு முன் மிதிவண்டி

கதை பர்மாவில் தொடங்கவில்லை, கிள்ளானில் தொடங்குகிறது. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், அதனை நடத்திய ஆர். எச். நாதனும் அவர்களுக்குத் துணை நின்றனர். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். தொழிலாளர் கேட்டவற்றுள் கூலி உயர்வு ஒன்று. சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்றனர். அதனினும் கருத்தைக் கவர்வன பிற கோரிக்கைகள். துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். துரைகளும் கிராணிகளும் பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஆகாது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும்.

அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பெற்று நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி மூண்டது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்களே இந்தியத் தொழிலாளரை அடக்க அனுப்பப்பெற்றனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். ஏழு மாதங்கள் கழித்து, 1941 டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் அவர்கள் கையில் விழுந்தது. மிதிவண்டியிலிருந்து இறங்கச் சொன்ன துரைகள் தெற்கு நோக்கி ஓடியதைத் தோட்டத்துச் சிறுவர்கள் கண்ணாரக் கண்டனர். வந்தவர்களோ பெருவாரியாக மிதிவண்டியில்தான் வந்தனர். வரலாறு சிற்சில வேளை இப்படி விளையாடுவதும் உண்டு.

எனினும் தோட்டத்துக்கு விடிவு வரவில்லை. ரப்பர் விற்பனை நின்றது, அரிசி அருகிற்று, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. 1942இன் பிற்பகுதியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதையை ஜப்பானியர் போடத் தொடங்கினர். அதற்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர் 70,000க்கும் மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்துச் சென்றது முதற்கட்டம். லாரியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போனது அடுத்த கட்டம். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. 'சயாம் மரண ரயில்' என்று மக்கள் வாய்மொழி அதற்கு இட்ட பெயர் மிகையன்று.

இந்த நிலையில்தான் சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 4ஆம் நாள் கத்தே மண்டபத்தில் ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். ஜூலை 9ஆம் நாள் பெருங்கூட்டத்திலே மூன்று இலட்சம் வீரரும் மூன்று கோடி வெள்ளியும் கேட்டார். அதற்கு முன் மோகன் சிங் திரட்டிய படையில் இருந்தவர்கள் ஆங்கிலச் சேனையிலிருந்து ஜப்பானியரிடம் சிறைப்பட்ட வடஇந்தியச் சிப்பாய்களே பெரும்பாலும் ஆவர். நேதாஜி கேட்டதோ பொதுமக்களை. மலாயாவில் இந்தியப் பொதுமக்கள் என்றால் தமிழரே மிகுதி. ஆகவே சிங்கப்பூர், சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ முதலிய இடங்களில் அமைந்த பயிற்சி முகாம்களில் தமிழ் இளைஞர் வந்து குவிந்தனர்.

அவர்கள் ஏன் வந்தனர்? மேடையில் பேசுவோர் நாட்டுப்பற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். ஆங்கில ஆசிரியர் சிலரோ, சயாமுக்குப் போகாமல் தப்பவே வந்தனர் என்று எழுதி முடித்துவிட்டனர். இரண்டும் அரைகுறையான விடைகள். சயாமின் அச்சம் உண்மை. முகாமில் கிடைத்த சோறு உண்மை. ஐந்து பேர் சுடப்பட்ட வட்டாரத்திலிருந்து வந்த பையனுக்குத் துப்பாக்கியைத் தன் கையில் பிடிக்கும் ஆசை இருந்திருக்கும் என்பதும் பொய்யாகாது. ஒரே நெஞ்சில் மூன்றும் இருக்கலாகாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

பெரட்டுக் களமும் படைக்களமும்

தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் 'பெரட்டுக் களம்' என்று பெயர். 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர். ஆக, முகாமுக்கு வந்த தோட்டத்து இளைஞன் அந்தச் சொல்லைப் பிறந்தநாள் முதலே அறிந்தவன். இருட்டோடு எழுதல், வரிசையில் நிற்றல், பெயர் கூப்பிட்டால் குரல் கொடுத்தல் ஆகியவை அவனுக்குப் பழக்கமே. பழக்கமில்லாதது ஒன்றுதான்: இங்கே எதிரே நிற்கும் அதிகாரி அவனுக்குப் பதில் வணக்கம் செலுத்தினார். 'ஜெய்ஹிந்த்' என்ற சொல்லை மேலோனும் கீழோனும் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும் என்பது அந்தப் படையின் முறை.

இடர் பிறிதோரிடத்தில் இருந்தது. படையின் மொழி இந்துஸ்தானி. அதனை ரோமன் எழுத்தில் எழுதிக் கற்பித்தனர். தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்தவனுக்கு ஆங்கில எழுத்தும் தெரியாது, இந்துஸ்தானிச் சொல்லும் தெரியாது. நேதாஜியின் பேச்சைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ஆனால் ஒவ்வோர் ஆணைக்கும் மொழிபெயர்ப்பாளரை நிறுத்த இயலுமா? கண்ணால் பார்த்து, அடுத்தவன் செய்வதைச் செய்து கற்றவர்களே மிகுதி. சமையல் பொது, இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் யாவரும் ஒரே உலையில் சமைத்ததை உண்டனர். ஆங்கிலச் சேனையில் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனி அடுப்பு இருந்ததை நினைத்தால் இதன் புதுமை விளங்கும். தோட்டத்து லயன்களிலும் சாதிப் பிரிவினை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முகாமின் உலை அதனைச் சிறிதளவாவது கலைத்தது.

தோட்டத்து இளைஞர் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் 1925இல் பிறந்த ஜானகி தேவரின் நினைவுகள் நமக்குக் கிடைத்திருப்பது நற்பேறே. நேதாஜி கோலாலம்பூரில் பேசியதைக் கேட்டு, காதில் கிடந்த பொன்னைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். ஜான்சி ராணிப் படையில் சேர விரும்பினார். மணமாகாத பெண் சேரவேண்டுமானால் தந்தை கையொப்பம் இடவேண்டும். தந்தையார் மறுத்தார். பெண்ணைப் பட்டாளத்துக்கு அனுப்பும் குடும்பம் அக்காலத்தில் எங்கே இருந்தது? பின்னர்ப் படையின் தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் கோலாலம்பூர் வந்தபோது, ஜானகி அவரை வீட்டுக்கு அழைத்து வந்து பெற்றோரிடம் பேச வைத்தார். சென்னையிலிருந்து வந்த நல்ல குடும்பத்துப் பெண், மருத்துவம் படித்தவர் என்று கண்டபின் தந்தையார் இசைந்தார். பாசறைக்குப் போகும் வழி வீட்டுக் கூடத்தைக் கடந்தே சென்றது.

முகாமுக்குப் போன புதிதில் அங்குள்ள உணவைக் கண்டு ஜானகி கலங்கிப்போனார். வேலையாட்கள் பரிமாற உண்டு வளர்ந்தவர் அவர். அவருடன் வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்களுக்கோ அதே உணவு குறையாகத் தோன்றியிராது. ராணிப் படையினரின் தொகை ஆயிரத்துக்கும் மேல் என்று முன்பு எழுதினர்; பிற்கால ஆய்வாளர் சிலர் ஐந்நூறை ஒட்டியதே என்கின்றனர். எவ்வாறாயினும் அவருள் பெரும்பான்மையர் தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் என்பதில் ஐயமில்லை. ஜானகி அப்படையில் இரண்டாம் நிலைத் தலைவியாக உயர்ந்தார்.

1944 ஜனவரியில் நேதாஜியின் தலைமை நிலையம் ரங்கூனுக்கு மாறியது. மலாயாவிலிருந்து பர்மாவுக்குச் சென்ற படையினர் பலரும் ராணிப் படைப் பெண்களும், சரக்கு வண்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு, சயாம்-பர்மா ரயில் பாதை வழியாகவே சென்றனர். 1943 அக்டோபரில் முடிந்த பாதை அது. தண்டவாளத்தின் இருபுறமும் யார் புதைந்து கிடந்தனர் என்பதை மலாயாத் தமிழருக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பனி வந்தது

குளிரின் கொடுமையை முதலிற் கண்டவர் மலாயாத் தோட்டத்தார் அல்லர். ஷா நவாஸ் கான் தலைமையிலான சுபாஷ் படைப்பிரிவினர் 1944இன் தொடக்கத்தில் சின் மலைகளில் பாலம், ஹாக்கா என்ற ஊர்களைக் காக்கப் பணிக்கப்பெற்றனர். அவை ஆறாயிரம் அடி உயரமுள்ள மலைகள். கனத்த கம்பளியின்றி, மெல்லிய போர்வையுடன் அங்கு நின்ற வீரர் இரவெல்லாம் நெருப்பு மூட்டி அதைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்ததை ஷா நவாஸ் தமது நூலில் எழுதியுள்ளார். உணவு மூட்டைகளைத் தாமே சுமந்து மலையேறினர். கொசுவலை இல்லை; கொய்னா மருந்து இல்லை. அவ்வாண்டு மழைக்காலத்தில் இம்பால் முற்றுகை முறிந்தபோது, குண்டைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது.

தோட்டத்துத் தமிழர் மிகுதியாக இருந்தது நேரு படைப்பிரிவு எனப்பெற்ற நான்காம் கொரில்லாப் பிரிவு ஆகும். ஜி. எஸ். தில்லான் என்ற பஞ்சாபிய அதிகாரி அதன் பொறுப்பை மிஞ்ஜானில் ஏற்றார். சுமார் 1,200 பேர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அதுவே முதற் போர். 1945 ஜனவரிக் கடைசியில், ஐராவதியின் கிழக்குக் கரையில் நியாங்கு, பாகான் ஆகிய இடங்களைக் காக்கும்படி அவர்களுக்கு ஆணை வந்தது. தை மாதம், கோலாலம்பூரில் இருந்திருந்தால் பத்துமலைக்குக் காவடி எடுத்திருக்கும் காலம். நடு பர்மாவின் அப்பகுதி மழை குறைந்த வறண்ட நிலம். பகலில் புழுதி பறக்கும் வெயில். இரவில் ஆற்றுக் காற்றோடு எலும்பை ஊடுருவும் பனி. எதிரி விமானம் கண்டுகொள்ளும் என்பதால் நெருப்பு மூட்டலும் ஆபத்து. பழைய கோயில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் பாகான் நகரத்தருகே, செங்கல் இடிபாடுகளுக்கிடையே, இந்த இளைஞர் குழி தோண்டிக் காத்திருந்தனர். பெரும் பீரங்கி கிடையாது; முள்வேலி கிடையாது; எதிர்த்தவரிடமோ டாங்கிகளும் விமானங்களும் இருந்தன.

பிப்ரவரி 14ஆம் நாள் விடியலில் ஆங்கிலேயரின் ஏழாவது இந்திய டிவிஷன் ஆற்றைக் கடந்தது. நியாங்குவில் முதலில் வந்த படகுகளின்மேல் இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. பல படகுகள் நீரோட்டத்தில் சிக்கிப் பின்வாங்கின. அன்று அங்கே சுட்டவருள் இந்திய தேசிய ராணுவத்தாரும் இருந்தனர். பின்னர் விமானமும் பீரங்கியும் கரையை உழுதன. பாகானில் ஒரு பகுதியினர் வெள்ளைக்கொடி காட்டினர். சண்டையை மட்டும் சொல்லிச் சரணடைந்ததை விடுவது ஒரு சாராரின் வழக்கம். சரணடைந்ததை மட்டும் சொல்லிச் சண்டையை விடுவது மற்றொரு சாராரின் வழக்கம். ஒரே படைப்பிரிவு, ஒரே நாளில், இரண்டும் செய்தது. எஞ்சியவர் போப்பா மலைக்கு ஒதுங்கி மேலும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றனர்.

அதே வாரம் அவர்களது ஊரில் நடந்ததைக் கேளுங்கள். பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்க பி-29 விமானங்கள் 49 கோலாலம்பூர் மத்திய ரயில்வே பணிமனையைத் தாக்கின. செந்தூலில் இருந்த அப்பணிமனையின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. மார்ச் 10ஆம் நாள் மீண்டும் வந்து குண்டு போட்டன. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தோர் பெரும்பாலும் தமிழர். மகன் ஐராவதிக் கரையில் குண்டுக்குத் தப்பிப் பதுங்கிய வாரத்தில் அவன் தாய்தந்தையரின் வீட்டருகே குண்டு விழுந்தது. போர்முனை எது, வீடு எது என்ற பிரிவே மறைந்துபோன காலம் அது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. படையின் முழக்கம் 'டில்லி சலோ' என்பது. கிள்ளானில் பிறந்தவனுக்கு டில்லி என்ன உறவு? தாத்தன் திருச்சிராப்பள்ளியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ சேலத்திலிருந்தோ கப்பலேறியிருப்பார். பேரனுக்கு ஊர் என்றால் தோட்டந்தான். லயன் வீடு, மாரியம்மன் கோயில், பால்வாளி. பார்த்தறியாத தாய்நாட்டுக்காக, பிறந்த நாட்டை விட்டு, மூன்றாவது நாடொன்றில் அவன் குளிரில் கிடந்தான். இதனை ஏமாற்றம் என்று எழுதுவோரும் உளர். ஆனால் துரையின்முன் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்ததற்குக் கிள்ளானில் கிடைத்த விடை துப்பாக்கிக் குண்டு. அந்தக் குண்டின் ஆட்சி டில்லியிலும் இருந்தது. இரண்டும் ஒரே ஆட்சி என்பதைக் கண்டுகொள்ள அவனுக்குப் பூகோளப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

மெய்யான பனியைக் கண்ட சிலரும் உண்டு. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் தெரிந்தெடுத்த 45 இளைஞரை நேதாஜி ஜப்பானுக்கு அனுப்பி, அங்குள்ள தரைப்படை, விமானப்படைக் கல்லூரிகளில் சேர்த்தார். வெண்பனி பெய்யும் டோக்கியோவின் குளிரில் அவர்கள் பயிற்சி பெற்றனர். அவர்களது பயிற்சி முடியுமுன் போர் முடிந்தது.

திரும்பிய வழி

1945 ஏப்ரல் 24ஆம் நாள் நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீரருடன் மேஜர் ஜெனரல் லோகநாதன் என்ற தமிழர் நகரிலேயே தங்கி, ஆங்கிலேயர் வரும்வரை கொள்ளை நடவாமல் காத்தார். ராணிப் படைப் பெண்களை வீடு சேர்ப்பது தமது கடமை என்று நேதாஜி அவர்களோடே சென்றார். லாரிகள் சேற்றில் புதைந்தபின் நடையே வழியாயிற்று. பகலில் மரத்தடியில் பதுங்குவதும் இரவில் நடப்பதுமாக, சித்தாங் ஆற்றைக் கடந்து மோல்மீன் வரை சென்றனர். ஜப்பானியர் தந்த காரில் ஏற மறுத்து, காலில் கொப்புளங்களுடன் நேதாஜி நடந்ததை உடன் சென்ற எஸ். ஏ. ஐயர் எழுதி வைத்துள்ளார். அப்பெண்களை நடத்திச் சென்றவர் இருபது வயது ஜானகி. வேறொரு குழுவினர் சென்ற ரயில் வழியில் தாக்கப்பட்டதில் ராணிப் படைப் பெண்கள் இருவர் உயிர் துறந்தனர்.

தில்லானும் ஷா நவாஸும் மே 17ஆம் நாள் பெகு அருகே பிடிபட்டனர். அவர்களையும் சாகலையும் டில்லிச் செங்கோட்டையில் நிறுத்தி 1945 நவம்பர் 5 முதல் விசாரித்ததும், தண்டனை விதித்துவிட்டுச் சில நாட்களிலேயே அதனைத் தள்ளுபடி செய்ததும் உலகறிந்த செய்தி. தோட்டத்துச் சிப்பாய்க்கு விசாரணை இல்லை. மாலை மரியாதையும் இல்லை. ஆங்கிலச் சேனையில் உறுதிமொழி எடுத்தவன் அல்லனாதலால் அவனைத் துரோகி என்று வழக்காட இடமில்லை. காவலில் வைத்து விசாரித்துவிட்டு ஊருக்கு அனுப்பினர். திரும்பி வந்தவனுக்குத் தோட்டத்தில் மீண்டும் துரை இருந்தார். பெரட்டுக் களம் இருந்தது. சயாம் சென்ற தந்தை வந்து சேராத வீடுகள் ஏராளமாக இருந்தன.

ஆயினும் போனவன் வேறு, வந்தவன் வேறு. 1946-47இல் கெடாத் தோட்டங்களில் 'தொண்டர் படை' தோன்றிக் கள்ளுக்கடை மறியல் நடத்தியது. அதில் ராணுவத்திலிருந்து மீண்டவர்களின் கை தெரிந்தது. 1941இல் கிள்ளானில் கேட்ட அதே கோரிக்கை, இப்போது அணிவகுத்து நின்று கேட்கப்பட்டது. ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்த எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். அவசரகாலச் சட்டத்தின்கீழ், துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக, இந்திய அரசாங்கம் செய்த முறையீடும் பயன்படாமல், 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டனர்.

ஜானகி கோலாலம்பூர் திரும்பி, இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவில் சேர்ந்து, போர் சிதைத்த தோட்டங்களில் பணியாற்றினார். 1946இல் ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரஸை அமைத்தபோது துணைநின்றார். பின்னாளில் மலேசிய மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். படைகொண்டு சேர்வதாகச் சூளுரைத்த டில்லியிலிருந்து 2000ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. 2014 மே 9ஆம் நாள், தமது 89ஆம் வயதில், அவர் காலமானார்.